கால்வாயின் நிறம்: விக்டோரியா காலத்து வேதியியலைத் தேடிப் போன பயணம்

ஏப்ரல் 8, திங்கள் – ஆல்பமார்ல் தெரு, லண்டன்

பிக்காடிலியிலிருந்து ஆல்பமார்ல் தெருவுக்குள் திரும்பினால் நகைக்கடைகளும் ஓவியக் கூடங்களும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. 21ஆம் எண் கட்டடம் மட்டும் தூண்கள் வரிசையாக நிற்க, கோயில் முகப்பு மாதிரி எழும்பி நிற்கிறது. ராயல் இன்ஸ்டிடியூஷன். 1799இல் தொடங்கியது. அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது. வரவேற்பில் இருந்த அம்மா என் நனைந்த கோட்டை வாங்கி மாட்டிவிட்டு, "கீழ்த்தளத்திலிருந்து ஆரம்பியுங்கள், ஃபாரடே அங்கேதான் இருக்கிறார்" என்றார். இன்றைக்கும் வேலைக்கு வந்து போகிறவரைப் பற்றிச் சொல்வது போல அவ்வளவு இயல்பாகச் சொன்னார்.

நான் திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் ஷேட் மேட்ச் பண்ணுகிறவன், அதாவது வாங்குகிறவர் கேட்ட நிறத்தைத் துணியில் கொண்டுவருகிறவன். அன்றாடம் கையில் புழங்கும் பொருள்கள் எங்கே பிறந்தன, யார் கையில் பிறந்தன என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஹாரோ பக்கம் நண்பன் வீட்டில் தங்கல். மற்றவர்கள் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போக, நான் இங்கே வந்தேன்.

கீழ்த்தளத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். உள்ளே தண்ணீர் போலத் தெளிந்த திரவம். 1825இல் ஃபாரடே பிரித்தெடுத்த பென்சீன். அந்தக் காலத்தில் விளக்கெரிக்க எண்ணெயைக் காய்ச்சி வாயுவாக்கி, அழுத்தி உருளைகளில் அடைத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உருளையின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒன்று தங்கும். அதைத்தான் ஃபாரடே திரும்பத் திரும்ப வடித்து, உறைய வைத்து, இந்தத் திரவத்தைப் பிரித்தார். விக்டோரியா பட்டத்துக்கு வர இன்னும் 12 வருடம் இருந்தது. ஆனால் அந்த அம்மையார் காலத்து வேதியியல் பாதிக்கு மேல் இந்தக் குழாய்க்குள்ளிருந்துதான் கிளம்பியது. எங்கள் பட்டறையில் கொட்டும் ரியாக்டிவ் சாயம் எதை எடுத்தாலும் அதன் உடம்பில் பென்சீனின் ஆறு கார்பன் வளையம் இருக்கிறது.

கொஞ்சம் தள்ளி அவருடைய தங்கக் கரைசல். 1850களில் தங்க உப்பின் கரைசலிலிருந்து பாஸ்பரஸ் கொண்டு தங்கத்தைப் பிரியவைத்து, மாணிக்கச் சிவப்பில் ஒரு திரவம் செய்தார். சிவப்புக்குக் காரணம் தங்கத்தின் மிக நுண்ணிய துகள்கள் என்று கண்டு 1857இல் உரை நிகழ்த்தினார். சாயம் எதுவும் கிடையாது. துகளின் அளவுதான் நிறம். அந்தத் துகள்கள் இத்தனை வருடம் கழித்தும் அடியில் படியாமல் மிதக்கின்றன. நிறத்தோடு வாழ்கிறவனுக்கு அதற்கு முன்னால் கால் நகராது.

ஃபாரடே என்றால் எல்லாருக்கும் மெழுகுவர்த்தி உரைகள் நினைவுக்கு வரும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்காக, ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் சொன்னவர். எனக்கு நினைவுக்கு வந்தது சார்ஜென்ட் ஆண்டர்சன். பீரங்கிப் படையிலிருந்து ஓய்வு பெற்று, ஃபாரடேக்கு ஒரே உதவியாளராக 1866இல் சாகும்வரை இருந்தவர். வீட்டுக்குப் போகச் சொல்ல ஃபாரடே மறந்துவிட்டதால், ஆண்டர்சன் விடிய விடிய உலையில் கரி தள்ளிக்கொண்டே இருந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். பின்னாளில் இதே கட்டடத்தில் ஜேம்ஸ் டூவர் வாயுக்களைக் குளிரவைத்துத் திரவமாக்கினார். 1898இல் ஹைட்ரஜனையே திரவமாக்கிவிட்டார். அந்த வேலையில் நடந்த வெடிப்புகளில் அவருடைய உதவியாளர்கள் லெனாக்ஸ், ஹீத் இருவரும் ஆளுக்கொரு கண்ணை இழந்தார்கள். நம் வீட்டு ஃபிளாஸ்க் டூவர் 1892இல் செய்த வெற்றிடக் குடுவைதான். காப்பி ஊற்றும்போது அந்த இரண்டு பெயரும் இனி எனக்கு ஞாபகம் வரும்.

வெளியே வந்தால் தூறல். வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் டீயும் 8 பவுண்டு 40 பென்ஸ். வயிறு நிறையவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு தெரு வழியாக நடந்தேன். 1845இல் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் கெமிஸ்ட்ரி இந்தத் தெருவோரம்தான் இருந்தது. ஜெர்மனியிலிருந்து ஹோஃப்மன் வந்து, நிலக்கரித் தாரைக் கிளறுவதையே ஒரு படிப்பாக்கினார். அவருடைய மாணவர் சார்லஸ் மான்ஸ்ஃபீல்ட் தாரிலிருந்து பென்சீனை ஏராளமாக வடிக்கும் வழி கண்டார். 1855இல் அதே பென்சீன் வடிகலன் தீப்பிடித்து, தீக்காயத்தில் இறந்தார். அந்தத் தெரு முழுக்க இன்று துணிக்கடைகள். கண்ணாடிக்குள் தொங்கும் சட்டைகளில் ஒன்றிரண்டு எங்கள் ஊரில் தைத்ததாகவும் இருக்கும்.

ஏப்ரல் 9, செவ்வாய் – ஷாட்வெல், போ

காற்று பலமாக அடித்தது. ஷாட்வெல் ஸ்டேஷனை விட்டு இறங்கியதுமே குடை மடங்கிக் கம்பி உடைந்துவிட்டது. வாட்னி மார்க்கெட்டில் புதுக்குடை 5 பவுண்டு. நோன்பின் கடைசி நாள், மறுநாள் பெருநாள். வங்காளதேசக் கடைகளில் துணியும் மருதாணியும் பேரீச்சையும் தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தில் விற்றுக்கொண்டிருந்தன. சமோசா வாங்கினேன், 3 பவுண்டுக்கு 4. நோன்பிருக்கும் மனிதர் முன்னால் நின்று தின்ன மனம் வராமல் பொட்டலத்தைப் பையில் வைத்தேன். அதைப் பார்த்த கடைக்காரர், "சூடாகச் சாப்பிடுங்கள் பாய், எங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லி, கூடவே இரண்டு பேரீச்சையையும் கையில் வைத்தார்.

செயற்கை ஊதாச் சாயம் கண்ட பர்கினின் வீடு இருந்த இடம் கேபிள் தெருவில், குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. வீடு இல்லை, நீல வட்ட நினைவுப் பலகை மட்டும். 1856 ஈஸ்டர் விடுமுறையில், 18 வயதுப் பையன் வில்லியம் ஹென்றி பர்கின் இங்கே மாடியறையில் குவினைன் செய்யப் பார்த்தான். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பிரிட்டிஷாருக்கு மலேரியா பெரிய எதிரி. மருந்தோ தென் அமெரிக்க சிங்கோனா மரப்பட்டையிலிருந்துதான் வர வேண்டும். (சில வருடங்களில் அந்த மரத்தையே கொண்டுவந்து நம் நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள்.) ஹோஃப்மன் குவினைனைச் செயற்கையாகச் செய்யலாம் என்று சொல்லியிருந்தார். அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாக வரும். அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

முதலில் செங்காவிச் சேறு வந்தது. பையன் விடவில்லை. இன்னும் எளிய பொருளாக, பென்சீனிலிருந்து செய்யும் அனிலினை எடுத்து, பொட்டாசியம் டைகுரோமேட்டைச் சேர்த்தான். இந்த முறை கருஞ்சேறு. எந்த லேபிலும் கொட்டிவிடும் சரக்கு அது. அவன் அதைக் காயவைத்து ஆல்கஹாலில் போட்டான். ஊதா இறங்கியது. பட்டுத் துண்டை முக்கினான், ஏறியது. சோப்பில் துவைத்தான், வெயிலில் போட்டான், வெளுக்கவில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இடம்தான் முக்கியம். ஊதா வந்ததைப் பலர் பார்த்திருக்கலாம். துணியில் ஏறுமா, வெளுக்குமா என்று உடனே கேட்டவன் இவன்தான். இன்னொன்றும் உண்டு. அவனுடைய அனிலினில் டொலுயிடின் என்ற அதன் நெருங்கிய உறவுப் பொருள் கலந்திருந்தது. சுத்தமான அனிலினாக இருந்திருந்தால் அந்த ஊதாவே வந்திருக்காது.

பலகைக்கு எதிரே சுவரோரம் நின்று சமோசாவைத் தின்றேன். காரம் நம்மூர் அளவுக்கே இருந்தது.

அங்கிருந்து போ (Bow) என்ற பகுதிக்கு. பஸ் கட்டணம் 1 பவுண்டு 75 பென்ஸ். போ சர்ச்சுக்கு எதிரே பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனின் சிலை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கைகளில் சிவப்புப் பெயின்ட். துடைக்கத் துடைக்க யாரோ திரும்பத் திரும்பப் பூசுகிறார்கள். 1882இல் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டிக் கம்பெனியின் முதலாளி தியோடர் பிரையன்ட் கொடுத்த சிலை. அதற்காகப் பெண் தொழிலாளர் கூலியில் ஒரு ஷில்லிங் பிடித்தார்கள் என்று அன்னி பெசன்ட் 1888 ஜூனில் எழுதினார். நம் அடையாற்று பெசன்ட் அம்மையார்தான். கட்டுரை வந்த சில நாளில், ஜூலையில், சுமார் 1400 பெண்களும் சிறுமிகளும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள்.

ஃபேர்ஃபீல்டு ரோட்டில் அந்தத் தொழிற்சாலை செங்கல் கோட்டையாக நிற்கிறது. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசல் காவலர் உள்ளே விடவில்லை, ஆனால் சினமில்லாமல் வெளியே வந்து எங்கே நின்றால் கோபுரம் நன்றாகத் தெரியும் என்று காட்டினார். இங்கே தீக்குச்சித் தலைக்கு வெள்ளை பாஸ்பரஸ். அதன் ஆவி பல் வழியாக ஏறித் தாடை எலும்பை அழுகவைத்தது. வேலை செய்யும் மேசையிலேயே சாப்பாடும் என்பதால் சோற்றோடும் உள்ளே போனது. போராட்டத்தில் கிடைத்தவற்றில் ஒன்று, சாப்பிடத் தனி அறை.

எனக்குத் தாங்காதது வேறொன்று. ஆபத்தில்லாத சிவப்பு பாஸ்பரஸ் 1840களிலேயே தெரியும். பர்மிங்ஹாம் பக்கம் ஆல்பிரைட் 1851 வாக்கில் அதைத் தயாரிக்கவும் தொடங்கிவிட்டார். வேதியியல் தன் வேலையை முடித்துவிட்டது. ஆனால் எங்கே உரசினாலும் பற்றும் மலிவுக் குச்சியைத்தான் ஜனங்கள் வாங்கினார்கள், அதைத்தான் கம்பெனியும் செய்தது. பிரிட்டனில் வெள்ளை பாஸ்பரஸ் தடைச் சட்டம் 1908இல்தான் வந்தது. இடையில் எத்தனை பெண்களின் முகம் போயிருக்கும்!

ஏப்ரல் 10, புதன் – கிரீன்ஃபோர்டு

மழை விட்டிருந்தது. வெயில் என்று சொல்ல முடியாது, வெளிச்சம்.

கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரையில், ஓல்டுஃபீல்டு லேனில் இன்னொரு பர்கின் பலகை. 1857இல் உலகின் முதல் செயற்கைச் சாயத் தொழிற்சாலை இங்கே எழும்பியது. பையனுக்கு 19 வயது. கட்டட வேலை செய்யும் அப்பா ஜார்ஜ் தன் சேமிப்பை எல்லாம் போட்டார், அண்ணன் தாமஸ் கூட நின்றார். படிப்பை விட்டுப் போவது ஹோஃப்மனுக்குப் பிடிக்கவில்லை. ஸ்காட்லாந்தில் பெர்த் ஊரின் புல்லர் சாயப்பட்டறைக்குத் துண்டு அனுப்பி அபிப்பிராயம் கேட்டிருந்தான். விலையை ஏற்றாது என்றால் வெகுகாலத்தில் வந்தவற்றில் இது பெரிய விஷயம் என்று பதில் வந்தது. இன்றும் லேப் டிப் (மாதிரிக்குச் சாயம் போட்ட துண்டு) அனுப்பினால் எங்களுக்கு வருவது இதே பதில்தான்: ஷேட் நல்லா இருக்கு, ரேட் என்ன?

பர்கினை நான் பெரிதாக மதிப்பது ஊதாவுக்காக இல்லை. அனிலின் கடையில் மூட்டையாகக் கிடைக்காத காலம். பென்சீனை நைட்ரிக் அமிலத்தில் போட்டு நைட்ரோபென்சீன் ஆக்கி, இரும்புத்தூளும் அசிட்டிக் அமிலமும் சேர்த்து அனிலின் ஆக்கி, எல்லாவற்றையும் தொட்டிக் கணக்கில், வெடிக்காமல், தானே வடிவமைத்த இரும்புக் கலங்களில் செய்ய வேண்டியிருந்தது. அதற்கப்புறம் பட்டறைக்காரர்களுக்குச் சாயம் போடவும் கற்றுக்கொடுத்தான். பட்டில் சாயம் சட்டென்று பாய்ந்து திட்டுத்திட்டாக ஏறியபோது, சோப்புத் தண்ணீர்க் குளியலில் போட்டால் சீராக ஏறும் என்று கண்டான். பருத்தியில் ஒட்டவே இல்லை, அதற்கு முதலில் டானின் என்ற துவர்ப்புப் பொருளை ஏற்றும் வழி கண்டான். திட்டு விழுந்த துணியோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். 1858 ஜனவரியில் மகள் கல்யாணத்துக்கு விக்டோரியா மகாராணி மாவ் (இளம் ஊதா) நிற வெல்வெட்டில் வந்தார். அதற்கப்புறம் லண்டன் முழுக்க ஊதாதான்.

கால்வாய் இன்று பச்சைப் பாசி நிறம். வாத்துகள், கயிறு கட்டிய நீளப் படகுகள், கரையோரம் புதிய அடுக்குமாடிகள். படகு ஒன்றின் மேல் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "பர்கின் அன்றைக்கு என்ன சாயம் போட்டாரோ அந்த நிறத்தில் கால்வாய் ஓடும், ஒவ்வொரு வாரமும் ஒரு நிறம்" என்று இந்தப் பக்கம் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்களாம்.

நொய்யலில் நான் பார்த்து வளர்ந்த காட்சி அது. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையை எங்கள் பக்கம் யாரும் மறக்க முடியாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை இழந்து வீட்டில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். உத்தரவு சரியானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்தப் பெரியவர் கேட்ட ஒரு கேள்வி: "உங்கள் ஆறு இப்போது எந்த நிறம்?" பருவத்தைப் பொறுத்தது என்றேன்.

பர்கின் 1869இல் அலிசரின் சிவப்பையும் செயற்கையாகச் செய்தார். ஜெர்மனிக்காரர்கள் அவருக்கு ஒரே ஒரு நாள் முன்னால் காப்புரிமை கேட்டுவிட்டார்கள். நம் கடற்கரை மணலில் தோண்டி எடுத்த சாயவேரில் சிவப்பு தருவதும் அலிசரின்தான். மதுரைச் சுங்குடியின் பழைய சிவப்பு அது. கிரீன்ஃபோர்டில் உலை எரிய எரிய ஐரோப்பாவில் சிவப்புச் சாயத்துக்காக வளர்த்த மஞ்சிட்டி வயல்களும், அவற்றைத் தொடர்ந்து நம் சாயவேர்க்காரர்களும் தொழிலை விட்டார்கள். அவர்களுக்கு எங்கும் பலகை இல்லை. பர்கின் 1874இல், 36 வயதில், தொழிற்சாலையை விற்றுவிட்டு மறுபடி ஆராய்ச்சிக்கே போய்விட்டார்.

மதியம் பஸ் பிடித்து ஆல்பர்ட்டன். இலங்கைத் தமிழர் கடை ஒன்றில் தகடும் கத்தியும் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. ஆட்டிறைச்சிக் கொத்து 8 பவுண்டு, இரண்டு பேர் தின்னலாம். கல்லாவிலிருந்த அக்கா, "தம்பி எங்கயிருந்து வாறீங்கள்? தமிழ்நாடோ?" என்றார்.

"ஆமாங்க்கா, திருப்பூர். இப்ப கிரீன்ஃபோர்டு போயிட்டு வர்றேன்."

"திருப்பூரோ! என்ர பிள்ளையளுக்கு வாங்கிற ரீசேர்ட் எல்லாம் அங்கதானே செய்யிறது. கிரீன்ஃபோர்டில ஆர் இருக்கினம்?"

சாயத் தொழிற்சாலை இருந்த இடம் பார்க்க வந்தேன் என்றதும், இருபது வருடமாக அந்தப் பாலத்தைத் தாண்டிப் போகிறேன், யாரும் சொல்லவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். பிறகு முழுக் கதையையும் கேட்டார். டீக்குக் காசு வாங்கவில்லை.

ஏப்ரல் 11, வியாழன் – விட்னெஸ்

காலை ரயில் ரத்து. அடுத்ததில் நிற்கத்தான் இடம். ரன்கார்ன் வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. மெர்சி ஆற்றின் மேல் சில்வர் ஜூபிலி பாலத்தை நடந்தே கடந்தேன். காற்று ஆளைத் தூக்குகிறது. எதிரே வந்த ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி, "அழகான நாள்!" என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போனார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸ்பைக் ஐலண்ட். புல்வெளி, நாய்களோடு நடப்பவர்கள், பழைய கால்வாய் மதகு. 1847இல் ஜான் ஹட்சின்சன் இங்கே சோடா தொழிற்சாலை வைத்தார். துணிக்கும் சோப்புக்கும் கண்ணாடிக்கும் சோடா வேண்டும். உப்போடு கந்தக அமிலம், பிறகு சுண்ணாம்புக்கல்லும் கரியும் என்று போகும் லெப்லாங்க் முறை. 8 டன் சோடாவுக்கு ஐந்தரை டன் ஹைட்ரஜன் குளோரைடு வாயு புகைபோக்கியில் போகும், 7 டன் கந்தகச் சேறு மிஞ்சும். அந்தச் சேற்றுக்கு ஊர்ப் பெயர் கேலிகு. அழுகிய முட்டை நாற்றம். உலை ஆட்களுக்கு அமிலப் புகையில் பல் கரைந்தது. வெளுக்கும் தூளை (பிளீச்சிங் பவுடர்) அள்ளியவர்கள் ஃபிளானல் துணியைப் பல மடிப்பாக வாயில் கட்டிக்கொண்டு, அதன் வழியாகத்தான் மூச்சு விட்டார்கள்.

கரையில் கேட்டலிஸ்ட் அருங்காட்சியகம், வில்லியம் கோசேஜின் பழைய சோப்புத் தொழிற்சாலைக் கட்டடத்தில். கோசேஜ் 1836இல் செய்தது எளிய காரியம். கைவிட்ட காற்றாலைக் கோபுரம் ஒன்றில் குச்சிகளையும் சுள்ளிகளையும் நிரப்பி, மேலிருந்து தண்ணீர் சொட்டவிட்டு, கீழிருந்து வாயுவை ஏற்றினார். வாயு தண்ணீரில் கரைந்து அமிலமாக இறங்கிவிட்டது. எங்கள் பட்டறை பாய்லரில் புகையைக் கழுவ நிற்கும் ஸ்க்ரப்பருக்குத் தாத்தா அது. ஆனால் கண்டுபிடித்தும் பல வருடம் பலர் வைக்கவில்லை. 1863இல் சோடா ஆலைகளுக்கான அல்கலி சட்டம் வந்து, 95 சதவீத வாயுவைப் பிடித்தே ஆக வேண்டும் என்றது. அதுவும் தொழிலாளியின் நுரையீரலுக்காக வரவில்லை. நிலப்பிரபுக்களின் மரங்கள் பட்டுப்போனதால், லார்ட் டெர்பி பிரபுக்கள் சபையில் எழுப்பியதால் வந்தது.

சட்டத்தை நடத்தியவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித், மான்செஸ்டர் வேதியியலாளர். தொழில் நகரத்து மழையைப் பிடித்துப் பிடித்து அளந்து, 1872இல் அமில மழை பற்றி முழுப் புத்தகம் எழுதியவர். இந்தப் பயணத்தில் சந்தித்த பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர். புதிய பொருள் எதையும் செய்யவில்லை. புகைபோக்கிக்குள் குழாயை விட்டு எவ்வளவு தப்புகிறது என்று அளந்தார், முதலாளிகளிடம் சண்டை போடாமல் எப்படிப் பிடிப்பது என்று கற்றும் கொடுத்தார். அளவில்லாமல் யாரையும் கேள்வி கேட்க முடியாது.

ஆனால் காற்றிலிருந்து பிடித்த அமிலம் எங்கே போனது? ஓடையில் கொட்டினார்கள். ஓடையோரம் கேலிகு மேடு. அமிலம் அதில் பட்டதும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பியது. வெல்டன், டீக்கன் இருவரும் அமிலத்திலிருந்து குளோரின் எடுக்க நல்ல வழி கண்டு, வெளுக்கும் தூளுக்கு விலை கிடைத்த பிறகுதான் கொட்டுவது குறைந்தது.

கண்ணாடி லிப்டில் மொட்டைமாடிக் கூடத்துக்குப் போனேன். ஆறு, பாலங்கள், பச்சை மேடுகள். அங்கிருந்த தன்னார்வலருக்கு எழுபது வயதிருக்கும். அவர் அப்பாவும் தாத்தாவும் இந்த ஊர் இரசாயன ஆலைகளில் வேலை பார்த்தவர்கள். அந்தப் பச்சை மேடுகளில் புல்லுக்கு அடியில் கழிவு இன்னும் இருக்கிறது, மண்ணைப் போட்டு மூடியிருக்கிறோம் என்றார்.

நான் எங்கள் கதையைச் சொன்னேன். இப்போது சாயத் தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. ஆர்.ஓ.வில் தண்ணீரைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே எடுக்கிறோம், மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறோம். கடைசியில் எதற்கும் ஆகாத கலப்பு உப்பு, சுத்திகரிப்பு நிலையங்களின் ஷெட்டில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது.

அவர் உடனே கேட்டது: "அந்த உப்பில் சோடியம் சல்பேட் எவ்வளவு, குளோரைடு எவ்வளவு? தனித்தனியாகப் பிரித்தால் யார் வாங்குவார்கள்?"

ஊரில் எங்கள் மேனேஜரும் நானும் தினம் பேசுவது இதைத்தான். அருங்காட்சியகத் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் எவாப்பரேட்டரையும் குளிரவைத்து சல்பேட்டைப் படியவைக்கும் தொட்டியையும் வரைந்து காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குழாயாக விரல் வைத்துக் கேட்டார். உப்பைச் சுழற்றி ஈரம் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜுக்கு வருவதற்குள் மூடும் நேரம் வந்துவிட்டது. "நானும் பஸ் ஸ்டாப்புக்குத்தான் வருகிறேன்" என்று கோட்டை எடுத்துக்கொண்டு கூடவே இறங்கினார். பஸ் வரும்வரை மீதியைச் சொன்னேன்.